குறட்டைக்கு பல் டாக்டரா? ஸ்ரீபெரும்புதூர் ஷிஃப்ட் தொழிலாளர்கள் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தூங்கிவிடுவது ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் யாருக்கும் புதிதல்ல. அசதிக்கு காரணம் கேட்டால் "சி ஷிஃப்ட்தாங்க" என்று ஒரே பதில்தான் வரும். ஆனால் பகல் ஷிஃப்ட்டுக்கு மாறி, எட்டு மணி நேரம் தூங்கிய பிறகும் அசதி போகவில்லை என்றால்? பிரச்னை ஷிஃப்ட்டில் இல்லாமல், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதில் இருக்கலாம்.

இதை முதலில் கவனிக்கக்கூடியவர்களில் ஒருவர் பல் டாக்டர். அதற்கான பயிற்சி அவருக்கு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மூச்சு எப்படி நிற்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு நாக்கு பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைத்துவிடும். குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்கும். ஆக்சிஜன் குறைந்ததும் மூளை உலுக்கி எழுப்பும். காலையில் எதுவும் நினைவிருக்காது. மணிக்கு 5 முதல் 15 முறை இப்படி நடந்தால் லேசான பாதிப்பு, 30-ஐ தாண்டினால் தீவிரம். இதுதான் ஸ்லீப் அப்னியா. ரத்த அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் வரை கொண்டுபோய் விடக்கூடியது.

இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. ஆண்களில் 13, பெண்களில் 5 சதவீதம். வேலை செய்யும் வயதில் மட்டும் 10 கோடிக்கு மேல்.

வீட்டில் இருப்பவர்களுக்கு, "நைட்டு மூச்சு நின்னு போச்சுங்க" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் இருப்பார். ஷேரிங் ரூமில் அது நடக்காது. ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் லைனில் நிற்பார். பார்த்துச் சொல்ல ஆளே இல்லாத நோய் இது.

பல் டாக்டருக்கு என்ன தெரியும்?

வாயைத் திறந்ததும் அவர் கண்ணில் படுபவையே தடயங்கள்தான். பின்தள்ளிய கீழ்த்தாடை, ஓரங்களில் பல் தடம் பதிந்த பெரிய நாக்கு, குறுகிய மேல் அண்ணம், வீங்கிய டான்சில், இரவில் நறநறவென்று கடித்துத் தேய்ந்த பற்கள். இவற்றோடு குறட்டை, பகல் தூக்கம், ரத்த அழுத்தம், கழுத்துச் சுற்றளவு பற்றி நாலு கேள்வி கேட்டால் யாரை டெஸ்ட்டுக்கு அனுப்பலாம் என்று புரிந்துவிடும்.

சிகிச்சையிலும் அவருக்குப் பங்கு உண்டு. சீபாப் என்ற மெஷின், மாஸ்க் வழியாக காற்றை அழுத்தி அனுப்பி பாதையைத் திறந்து வைக்கும். தீவிர பாதிப்புக்கு இதுதான் முதல் வழி. ஆனால் மாஸ்க் போட்டு தூங்க முடியாதவர்கள் பலர். அவர்களுக்கும் லேசான, நடுத்தர பாதிப்பு உள்ளவர்களுக்கும், கீழ்த்தாடையை சற்று முன்னால் இழுத்துப் பிடிக்கும் வாய்க் கருவி உதவும். பல் அளவெடுத்துச் செய்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்த்தி சரிசெய்ய வேண்டும். தாடை வலி வரலாம், வருடக்கணக்கில் போட்டால் கடிவாய் மாறலாம். அதனால்தான் பயிற்சி தேவை.

சிக்கல் எங்கே?

2014-ல் உருவான இந்திய வழிகாட்டு நெறிமுறையிலேயே வாய்க் கருவிக்கு இடம் உண்டு. ஆனால் நம் நாட்டில் பல் மருத்துவ மேற்படிப்பில் உள்ள 9 பிரிவுகளில் தூக்க மருத்துவம் தனிப் பிரிவாக இல்லை. ஆர்வமுள்ளவர்கள் தாங்களாகத் தேடிப் படிக்கிறார்கள். அமெரிக்காவில் 2015 நெறிமுறை, இந்தக் கருவியைத் தகுதி பெற்ற பல் மருத்துவர்தான் தர வேண்டும் என்கிறது. அந்தத் தகுதிக்கு ஒரு வழி, 2 ஆண்டுகளுக்குள் குறைந்தது 25 மணி நேரம் பயிற்சி. அங்குள்ள பல் மருத்துவர் சங்கம் 2017-ல் எல்லையையும் வகுத்தது: பல் டாக்டர் சந்தேகப்படலாம், கருவி தரலாம், நோயை உறுதி செய்வது தூக்க மருத்துவம் தெரிந்த மருத்துவர்தான்.

இந்த எல்லை ரொம்ப முக்கியம். டெஸ்ட் எடுக்காமல் கருவி மாட்டினால் குறட்டை நிற்கும், மூச்சடைப்பு தொடரலாம். சத்தம் போனதால் நோயும் போய்விட்டது என்று நம்பி ஒருவர் கன்டெய்னர் லாரியை எடுப்பார். ஆன்லைனில் வாங்கி வெந்நீரில் போட்டு கடிக்கும் 'குறட்டை கார்டு'களிலும் இதே ஆபத்துதான்.

பல் மருத்துவக் கல்வியை ஒழுங்குபடுத்த தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருக்கிறது. பாடத்திட்டத்தில் இதைச் சேர்க்க இதுவே சரியான சந்தர்ப்பம். பாலிசோம்னோகிராபி லேப் எல்லா ஊரிலும் இல்லை. பல் கிளினிக் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் இருக்கிறது.

டிரைவர்கள் டெஸ்ட்டுக்குத் தயங்க இன்னொரு காரணமும் உண்டு: "நோய்னு எழுதிட்டா வண்டி குடுக்க மாட்டாங்களே." இந்தப் பயத்துக்கு நிர்வாகங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சிகிச்சை எடுத்தால் வேலை போகாது என்று தெரிந்தால்தான் ஆள் வருவார்.

அடுத்த முறை பல் வலிக்குப் போகும்போது குறட்டையையும் பகல் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உடனே கருவி தருகிறேன் என்றால், "டெஸ்ட் எங்கே எடுக்கணும் டாக்டர்?" என்று கேளுங்கள். கருவி போட்ட பிறகும் ஒருமுறை டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும். இஎஸ்ஐ கார்டு இருந்தால் டிஸ்பென்சரியில் இதைச் சொல்லி பெரிய மருத்துவமனைக்கு ரெஃபரல் கேட்கலாம்.