கொள்ளு டப்பா எங்கே இருக்கு?

எங்க வீட்டுல கொள்ளு எந்த டப்பாவுல இருக்குன்னு தெரியாமலே முப்பது வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன்னு போன ஆடியிலதானுங்க தெரிஞ்சுது.

வீட்டுக்காரி கட்டுத்தரையில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுல மாவுக்கட்டு. ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாதுன்னுட்டார் டாக்டர். மகளுக்குக் கோயமுத்தூர்ல வேலை. ரெண்டு நாள் லீவு போட்டு இருந்துட்டுப் போயிருச்சு. மீதி நாளுக்கு நான்தான். அவ ஆசாரத்துல கட்டில்ல உக்காந்துட்டுச் சொல்லச் சொல்ல, நான் அடுப்படியில செய்யணும்.

முதல் நாள் ஒண்ணும் கஷ்டமில்லீங்க. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் தாளிச்சு, அரிசியும் துவரம்பருப்பும் குக்கர்ல போட்டா அரிசிம்பருப்பு. கொங்கு நாட்டுல ஆம்பளைக்கும் வர்ற ஒரே சமையல் அது. ரெண்டாம் நாளும் அதையே ஆக்கினேன். மூணாம் நாள் வட்டலைப் பார்த்துட்டு அவ ஒண்ணும் பேசல. பேசாம இருந்ததுதான் பெருசு. ஆக்கறதை எப்படியும் சமாளிச்சறலாம்னு அன்னைக்குப் புரிஞ்சுது. "நாளைக்கு என்ன?"ங்கற கேள்வியைத்தான் சமாளிக்க முடியல.

மகள்கிட்டப் புலம்பினேன். போன்ல ஒரு பட்டியல் அனுப்புச்சு. ஏழு நாள், மூணு வேளை, இருபத்தோரு கட்டம். திங்கள் காலைல வெண்பொங்கல், வியாழன் மத்தியானம் கீரைக் கூட்டு, இப்படி. "ஆபீஸ் போற எல்லாரும் இப்படித்தாங்கப்பா பிளான் பண்றாங்க"ன்னுச்சு. பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சேன். ஒரு வாரம்கூட ஓடல. எங்க ஊர்ச் சந்தை செவ்வாய்க்கிழமை. செவ்வாய் வாங்கின கீரை வியாழக்கிழமை மாட்டுக்குத்தான் ஆகும். புதன்கிழமைக்குப் பூசணின்னு போட்டிருந்துச்சு. முழுப் பூசணி ஒரு மாசம் கிடக்குமே, அதுக்கு என்ன அவசரம்?

தோட்டத்துல கீரை இல்லியான்னு கேப்பீங்க. எங்களுது தென்னந்தோப்புங்க. பொடக்காளியில ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ரெண்டு பப்பாளி. விவசாயி வீட்டுல எல்லாமே விளையும்ங்கறது சினிமாக்காரங்க கட்டின கதை.

அப்பத்தான் அவகிட்டயே கேட்டேன், "நீ எப்படி புள்ள முடிவு பண்ணுவே?"ன்னு. "எது முதல்ல கெடுமோ அதை முதல்ல ஆக்கறதுங்க"ன்னா. அவ்வளவுதான். செவ்வாயும் புதனும் கீரை. வியாழன் வெள்ளிக்கு வெண்டையும் கத்தரியும். சனிக்கிழமை அவரையோ, வெட்டின பூசணியோ. ஞாயிறு கோழி. திங்கக்கிழமை கூடையில வெங்காயம் மட்டும்தான் மிச்சம் கிடக்கும், அன்னைக்குக் கொள்ளு. கொள்ளு வெந்த தண்ணிய வடிச்சு ரசம், வெந்த கொள்ளைக் கடைஞ்சு சோத்துக்கு. ஒரே போசியில ரெண்டு. அதுவும் வேண்டாம்னா தட்டப்பயிறு, சுண்டைக்காய் வத்தல். முப்பது வருசமா திங்கக்கிழமை கொள்ளு ரசம் குடிச்சிருக்கேன். அது ஏன் திங்கக்கிழமைன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

டப்பாக்களும் அப்படித்தான். புதுசா வாங்கின பருப்பைப் பழசு மேல கொட்டுனேன், கட்டில்ல இருந்தே சத்தம் போட்டா. பழசு அடியிலயே கிடந்து வண்டு விழும், புதுசு கீழ போகணும், பழசு மேல வரணும். எங்க அப்பத்தா காலத்துல துவரைய நனைச்சு, செம்மண் குழம்புல புரட்டிக் காயவெச்சு எடுத்து வெப்பாங்க, வருசம் ஆனாலும் வண்டு அண்டாது. ராகிக்கும் கம்புக்கும் நடுவுல வேப்பிலை. சமையலறைய ஒழுங்கு பண்றதுன்னா எனக்குத் தெரிஞ்சு இதுதான். ஒரே அளவு கண்ணாடி ஜாடி வாங்கி ஸ்டிக்கர் ஒட்டறது கண்ணுக்கு லட்சணம், தப்பில்ல. ஆனா அதுக்குள்ள என்ன, எத்தனை நாளா இருக்குங்கறதுதானே கணக்கு?

எங்க கோயமுத்தூர்க்காரங்க இந்தக் கணக்குக்கு ஒரு மிஷினே செஞ்சு குடுத்திருக்காங்க. பி.சபாபதிங்கறவர் 1955ல வெட் கிரைண்டரைக் கண்டுபிடிச்சார். கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடும் இருக்குது. ஆட்டாங்கல்லுல உக்காந்து ஆட்டுன கைக்கு ஓய்வு குடுத்ததைத்தான் எல்லாரும் பெருசாச் சொல்லுவாங்க. எனக்கு இந்த ஆறு வாரத்துல வேற ஒண்ணு தோணுச்சு. கிரைண்டரும் ஃப்ரிட்ஜும் சேர்ந்ததும் ஒரு தடவை ஆட்டுன மாவு நாலு நாளைக்கு ஆச்சு. முதல் நாள் இட்லி, அடுத்து தோசை, புளிச்சா வெங்காயம் போட்டு ஊத்தப்பம், இன்னும் புளிச்சா பணியாரம். நாளைக்கு என்னன்னு மாவே சொல்லிருது, யாரும் உக்காந்து யோசிக்க வேண்டியதில்ல.

டவுன்ல இருக்கற உங்களுக்கு ஏன் இது சிக்கலாகுதுன்னு யோசிச்சேன். உங்களுக்குச் சந்தை நாள்னு ஒண்ணு இல்ல. போனைத் தட்டினா பத்து நிமிசத்துல காய் வாசலுக்கு வருது. எல்லா நாளும் சந்தைன்னா எந்த நாளும் சந்தை இல்ல. செவ்வாய்க்குப் பின்னால புதன் ஏன் வருதுன்னே அடுப்படிக்குத் தெரியாது. அதனாலதான் வெறும் பட்டியல் வேண்டியிருக்குது, அதுவும் மூணாவது வாரம் படுத்துருது. பட்டியல்ல தக்காளின்னு இருந்தா, விலை என்னவா இருந்தாலும் தக்காளி. 2023 ஜூலைல கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, சென்னைல ரேசன் கடைல 60 ரூபாய்க்கு வித்தாங்களே, அப்பவும் தக்காளி. புளிங்கற ஒண்ணு அஞ்சறைப்பெட்டி பக்கத்துலயே இருக்குதுங்க!

வாரத்துல ஒரு நாளை நீங்களே சந்தையா வெச்சுக்குங்க. ஆர்.எஸ்.புரத்துலயும் சிங்காநல்லூர்லயும் இருக்கற மாதிரி உழவர் சந்தை உங்க ஊர்ல இருந்தா வெள்ளென போய்ட்டு வாங்க, எங்களுக்கும் நாலு காசு. பட்டியல் எழுதறதுக்கு முன்னால ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்க.

ஆனா இதைவிட ஒண்ணு என்னை உறுத்துது. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புல, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிசம் செலவழிக்கறாங்க, ஆம்பளைங்க 97 நிமிசம்னு வந்துச்சு. அந்த ஆம்பளைங்களும் நூத்துக்கு இருபத்தாறு பேர்தான். அடுப்பு முன்னால நிக்கற நேரத்தையாவது கடிகாரத்துல பாக்கலாம். பால் கறந்துட்டே "கத்தரி ரெண்டுதான் இருக்குது, ஒறம்பரை வந்தா என்ன பண்றது"ன்னு ஓடற நெனப்பை எதுல அளக்கறது? அந்த முழுக் கணக்கும் ஒருத்தி தலைக்குள்ளயே இருந்திருக்குது. அவ விழுந்தப்ப வீட்டுல வேற யாருக்கும் அது தெரியல. தோட்டத்துல மோட்டார் ஓடற நேரத்துக்கு நோட்டு வெச்சிருக்கேன். அடுப்படிக்கு நோட்டு வேணும்னு தோணவே இல்ல.

அதனால தினக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல எழுத ஆரம்பிச்சேன். மேல என்ன இருக்குதுங்கறது, கீழ என்ன வாங்கணும்ங்கறது. அவ இடது கையில கோணல்மாணலாத் திருத்துவா.

கட்டுப் பிரிச்ச அன்னைக்கு, நான் இடம் மாத்தி வெச்சிருந்த டப்பாக்களை எல்லாம் ஒண்ணு விடாமத் திருப்பி வெச்சா. கொள்ளு டப்பாவை மட்டும் விட்டுட்டா. தாள் இன்னும் ஃப்ரிட்ஜ் கதவுலதான் இருக்குது. போன செவ்வாய் "சுரைக்காய் 1"ன்னு எழுதி வெச்சிருந்தேன். அதுக்குக் கீழ "வேண்டாம், போன வாரத்துது பாதி கிடக்குது பாருங்க"ன்னு இருந்துச்சு.