செருப்புக்குக் காவல் இருக்கவா அந்தமான் போறீங்க?

செமஸ்டர் பரீட்சைக்கு இன்னும் மூணு வாரம் இருக்கும்போதே வாட்ஸ்அப்ல ஒரு குரூப் முளைச்சிடும். பேரு ‘அந்தமான் கன்ஃபர்ம்’. ரெண்டு நாள்ல நாற்பது பேர் சேருவாங்க. பத்து நாள்ல எட்டு பேர் மிஞ்சுவாங்க. அந்த எட்டு பேரும் உண்மையிலேயே ஃப்ளைட் ஏறிட்டா, நாலு வருஷ காலேஜ் வாழ்க்கையில அதைவிடப் பெரிய சாதனை வேற எதுவும் இல்ல.

இந்தக் கட்டுரை அந்த எட்டு பேருக்கு. குறிப்பா, அந்த எட்டுல கரையிலேயே உட்காரப்போற ரெண்டு மூணு பேருக்கு.

அவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். எல்லாரும் கடல்ல குதிக்கும்போது பையையும் போனையும் வாங்கி வச்சுக்கிட்டு, சுடிதார் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, கணுக்கால் மட்டும் நனையற இடத்துல நின்னு மத்தவங்களுக்குப் போட்டோ எடுத்துக் குடுக்கறவங்க. “ஏன், தண்ணி பிடிக்காதா?”ன்னு கேட்டா “பிடிக்காதுப்பா”ன்னு சொல்வாங்க. பொய். நானும் அதே பொய்யைத்தான் சொன்னேன். ஒரு வருஷமா சேர்த்த காசுல ஹேவ்லாக் வரைக்கும் போய், ராதாநகர் கடற்கரையில ஒரு முழு மதியம் ஆறு ஜோடி செருப்புக்குக் காவல் இருந்துட்டு வந்தேன். காரணம் தண்ணி இல்ல, துணி. நனைஞ்சா எப்படித் தெரியும், யார் பார்ப்பாங்க, யார் போட்டோ எடுப்பாங்கங்கற பயம்.

போறதுக்கு முன்னாடி நான் தேடிப் பார்க்காம இல்ல. நெட்ல ‘உடம்புக்கு எடுப்பான நீச்சல் உடை’ன்னு தேடினா ஆயிரம் பட்டியல் வரும். தொப்பை இருந்தா இது, தொடை பெருசா இருந்தா அது, ஒல்லியா இருந்தா இன்னொண்ணு. எல்லாமே உங்க உடம்புல என்ன தப்புன்னு சொல்லித்தான் ஆரம்பிக்கும். படிச்சு முடிச்சப்போ எனக்கு உடை எதுவும் கிடைக்கல. அதுவரைக்கும் இல்லாத நாலு கவலைதான் கிடைச்சது.

என் கருத்து இதுதான்: ‘எடுப்பா இருக்கா’ங்கற கேள்வியே கரையில இருந்து பார்க்கறவங்களோட கேள்வி. தண்ணிக்குள்ள இருக்கறவங்களுக்கு அது தேவையில்ல. பார்க்கறவங்களைத் திருப்திப்படுத்தணும்னு இறங்கினா அதுக்கு முடிவும் கிடையாது. 2016 கோடையில ஃபிரான்ஸ்ல சில கடலோர ஊர்கள்ல புர்கினிக்குத் தடை போட்டாங்க. துணி அதிகம்னு புகார். அப்புறம் அங்க உள்ள உயர் நிர்வாக நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வச்சது. 2021 கோடையில நார்வே பெண்கள் பீச் ஹேண்ட்பால் அணி, பிகினிக்குப் பதிலா ஷார்ட்ஸ் போட்டு ஆடினதுக்காக 1,500 யூரோ அபராதம் கட்ட வேண்டி வந்தது. இந்தத் தடவையும் துணி அதிகம்தான் புகார். நம்ம ஊர்ல கேட்டா துணி கம்மின்னு சொல்வாங்க. ஆக, எவ்வளவு போட்டாலும் யாராவது அளவெடுக்கத்தான் செய்வாங்க. அந்த நார்வே அணி எதிர்த்து நின்னது, அதே வருஷம் விதியும் மாறுச்சு.

அப்போ எதை வச்சுத் தேர்ந்தெடுக்கறது? நாம இன்ஜினியரிங் படிக்கறவங்கதானே, மெட்டீரியலை வச்சுத்தான்.

பருத்தி டி-ஷர்ட்டும் சுடிதாரும் ‘அடக்கமான’ தேர்வுன்னு நினைச்சுத்தான் போட்டுக்கிட்டுப் போறோம். ஆனா பருத்தி தண்ணியைக் குடிச்சுக் கனக்கும், உடம்போட ஒட்டும், சீக்கிரம் காயாது. வெள்ளைப் பருத்தி நனைஞ்சா உள்ளே இருக்கறது தெரியும். ஏன்னு ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸை ஞாபகப்படுத்திக்கோங்க: காய்ஞ்ச துணியில இழைக்கு நடுவுல காற்று, அதோட ஒளிவிலகல் எண் 1. நனைஞ்சா அங்க தண்ணி, 1.33. இழைக்கு ஏறக்குறைய 1.5. வித்தியாசம் குறையும்போது ஒளி சிதறறதும் குறையும், துணி கண்ணாடி மாதிரி ஆகிடும். துப்பட்டாவோட அலையில இறங்கறது இன்னும் மோசம், கழுத்துலயும் கால்லயும் சுத்திக்கும்.

நைலான், பாலியஸ்டர்ல கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ் கலந்த நீச்சல் உடை தண்ணியை அவ்வளவா பிடிச்சு வைக்காது, சீக்கிரம் காயும். முழுக்கை ரேஷ் கார்டும் முழங்கால் வரைக்கும் லெகின்ஸும் போட்டா வெயில்லயும் தோல் எரியாது. முழுசா மூடிக்கணுமா, தாராளமா மூடிக்கோங்க. சிங்கிள் பீஸ்தான் வசதியா இருக்கா, அதைப் போடுங்க. அது உங்க இஷ்டம். கடையில செய்ய வேண்டிய சோதனை ஒண்ணுதான்: போட்டுக்கிட்டு கையை மேல தூக்குங்க, குனியுங்க, உட்கார்ந்து எழுந்திருங்க, குதிங்க. எங்கேயும் இழுத்துவிட வேண்டிய அவசியம் வரலைன்னா அதுதான் உங்க சைஸ். நிறத்துல ஒரே விதி: ஆரஞ்சு, அடர் பிங்க் மாதிரி பளிச்னு இருக்கட்டும். நீலமும் வெளிர் நிறமும் கடல்ல ஆளைக் காட்டாது. திரும்பி வந்ததும் நல்ல தண்ணியில அலசி நிழல்ல காயப்போடுங்க.

பசங்களுக்கும் இதேதான். “மச்சி, உனக்குத் தொப்பைடா”, “எலும்புக்கூடு வருது பாரு”ன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்காக டி-ஷர்ட்டைக் கழட்டாம கரையில நிக்கற பசங்க நம்ம கேங்லயே இருக்காங்க. ஜீன்ஸோட இறங்கறதும் வீரம் இல்ல. நனைஞ்ச டெனிமோட நீந்தறது கால்ல கல்லைக் கட்டிக்கிட்டு நீந்தற மாதிரி.

இனி பயணத் திட்டம். துணியைவிட இதுலதான் நம்ம ஆளுங்க அதிகம் சொதப்புவாங்க.

முதல்ல தேதி. நமக்கு லீவு விடற மே கடைசியிலதான் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொடும். கடல் கொந்தளிக்கும், படகு ரத்தாகும். முடிஞ்சா மே முதல் பாதிக்குள்ள போயிட்டு வாங்க, இல்லைன்னா ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுங்க. சென்னையில இருந்து ஃப்ளைட்ல ரெண்டேகால் மணி நேரம்தான். கப்பல்ல போனா மூணு நாள் ஆகும். டிக்கெட் தேடும்போது குழம்பாதீங்க: போர்ட் பிளேருக்கு 2024-ல இருந்து ஸ்ரீ விஜயபுரம்னு பேரு, ஹேவ்லாக்குக்கு 2018-ல இருந்து ஸ்வராஜ் த்வீப்.

ரெண்டாவது, கடைசி ராத்திரியை ஹேவ்லாக்ல வைக்காதீங்க. காலையில படகு ரத்தானா ஃப்ளைட்டும் போச்சு. ஒரு நாள் முன்னாடியே போர்ட் பிளேருக்குத் திரும்பிடுங்க. ஸ்கூபாவையும் கடைசி நாள்ல வைக்காதீங்க. ஆழத்துல ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் வெளியேற நேரம் வேணும், அதுக்குள்ள விமானம் ஏறினா குமிழியாகி ஆபத்து. ஹென்றி விதிதான். குறைஞ்சது 18 மணி நேரம் இடைவெளி விடுங்க. அறிமுக ஸ்கூபாவுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கணும்னுகூட இல்ல, வெட்சூட்டும் அவங்களே குடுப்பாங்க. அதைப் போட்டா எட்டு பேரும் ஒரே மாதிரி சீல் குட்டியாத்தான் தெரிவீங்க.

மூணாவது, அங்க சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும். பத்து மணிக்கு எழுந்திருச்சா பாதி நாள் காலி. இருட்டினப்புறம் தண்ணியில இறங்காதீங்க. முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கற இடத்துல எப்பவுமே இறங்காதீங்க, அந்தப் பலகை சும்மா வைக்கல. சிப்பி, பவளம் எதையும் பையில போட்டுக்கிட்டு வராதீங்க.

கடைசியா, கிளம்பறதுக்கு முன்னாடியே குரூப்ல ரெண்டு விதி போட்டுடுங்க. ஒண்ணு, தண்ணியில எடுத்த போட்டோ எதுவும் அதுல இருக்கறவங்க சம்மதம் இல்லாம ஸ்டேட்டஸுக்குப் போகக்கூடாது. கரையில உட்கார்ந்திருக்கற பாதிப் பேர் இந்த ஒரு விதிக்காகத்தான் காத்திருக்காங்க. ரெண்டு, பைக்குக் காவல் முறை வச்சு, ஆளுக்கு அரை மணி நேரம்.

நான் அடுத்த தடவைக்கு ஆரஞ்சு ரேஷ் கார்டு வாங்கி வச்சிருக்கேன். எடுப்பா இருக்கான்னு கண்ணாடியில பார்க்கல, குதிச்சுப் பார்த்தேன். என் செருப்பை யார் பார்த்துக்கப் போறீங்க?