ஸ்கிப் பட்டன் இல்லாத பஸ்

இந்த வாரம் என்ன ரிலீஸ்னு கேக்குறீங்களா? வழக்கம்போல 'ஃபர்ஸ்ட் சிங்கிள்', 'செகண்ட் சிங்கிள்'தான்! ஆல்பத்தை முறுக்கு மாதிரி உடைச்சு உடைச்சுக் கொடுக்குறாங்க. ஸ்பாட்டிஃபையில 30 விநாடி ஓடினாத்தான் ஒரு ஸ்ட்ரீம் கணக்கு. அதனால பல்லவி அடிச்சுப் பிடிச்சு முன்னாடி ஓடி வருது. முன்னிசைதான் பாவம்.

2008 செப்டம்பர்ல 'வாரணம் ஆயிரம்' வந்தப்போ ஹாரிஸ் ஜெயராஜோட ஏழு பாட்டும் ஒரே நாள்ல கைக்கு வந்துச்சு. ஹரிஹரன் பாடினதைத் தேயத் தேயக் கேட்டேன். சுதா ரகுநாதன் பாடினதை மட்டும் 'ஸ்லோ பாஸ்'னு தள்ளிவிட்டுட்டேன்.

தள்ள முடியாம மாட்டினது திண்டுக்கல் - வத்தலகுண்டு பஸ்ல. டிரைவர் அண்ணன் சிடி போட்டா கடைசிப் பாட்டு வரைக்கும் ஓடும், ரிமோட் நம்ம கையில கிடையாது! செம்பட்டி தாண்டும்போது அந்தப் பாட்டு ஆரம்பிச்சது. ஜன்னல் சீட்டு, வயக்காட்டுக் காத்து... வத்தலகுண்டு வர்றதுக்குள்ள ஆளு காலி.

இன்னிக்கு வந்திருந்தா அதை சிங்கிளா விட்டிருப்பாங்களா? எனக்கு சந்தேகம்தான். அதனால இந்த வாரம் யாருக்கும் மார்க் கிடையாது. ஆல்பம் முழுசா வரட்டும், கடைசிப் பாட்டுல இருந்து கேட்டுட்டு வந்து போடுறேன். நீங்களும் கேட்டு வைங்க, சண்டை போடலாம்!