சுவரில் கிறுக்கிய பிள்ளை

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு பஞ்சாயத்து நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பேத்தி, ஓவியக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். என் மகனோ, "ஆர்க்கிடெக்சர் படிக்கட்டும், அதிலும் வரையத்தானே போகிறாள்" என்கிறான். தீர்ப்பு என்னிடம் வந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பாலங்களையும் நடைமேடைகளையும் கட்டிக்கொண்டிருந்த டிப்ளமாக்காரனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும்? அவர்களுக்கு நான் கோவாவின் ஓவியர் மரியோ மிராண்டாவின் கதையைச் சொன்னேன். நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கும் அது பொருந்தும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

மரியோ 1926 மே 2 அன்று டாமனில் பிறந்தவர். பூர்வீகம் கோவாவின் லோட்டோலிம் கிராமம். சிறு வயதில் வீட்டுச் சுவரெல்லாம் கிறுக்கித் தள்ளிய பிள்ளைக்கு, வரைந்துகொள் என்று தாயார் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார். பெங்களூரில் பள்ளிப் படிப்பு. பம்பாய் செயின்ட் சேவியர் கல்லூரியில் வரலாற்றுப் பட்டம், ஐ.ஏ.எஸ். எண்ணத்தோடு. அதற்குப் பிறகு பெற்றோர் விருப்பத்துக்காக ஆர்க்கிடெக்சர். கேட்டால் நம் வீட்டுப் பேச்சு போலவே இல்லையா? விரைவிலேயே அதில் மனம் ஒட்டாமல் விட்டுவிட்டார்.

விட்டவுடன் புகழ் வந்துவிடவில்லை. நான்கு ஆண்டுகள் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்தார். முதலில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வே பின்னர் அழைத்து இடம் கொடுத்தது. 1959-இல் குல்பென்கியன் உதவித்தொகை பெற்றுப் போர்ச்சுகல் போனார். பிறகு சில ஆண்டுகள் லண்டன். திரும்பி வந்து பம்பாயை வரைந்தார். மிஸ் நிம்புபானி என்ற நடிகையும் பண்டல்தாஸ் என்ற அரசியல்வாதியும் அவர் பேனாவில் பிறந்தவர்கள்தாம். பத்மஸ்ரீ, பத்மபூஷண் இரண்டும் வாழும்போதே வந்தன. 2011 டிசம்பர் 11 அன்று லோட்டோலிம் வீட்டிலேயே காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் வந்தது.

அவர் படங்களில் நான் முதலில் பார்ப்பது கட்டடங்களைத்தான், தொழில் புத்தி. ஓட்டுக் கூரை, மரச் சன்னல், நம் ஊர்த் திண்ணை போல வாசலில் உட்காரும் மேடையுள்ள 'பல்காவ்', தேவாலயப் படிகள், நெருக்கியடிக்கும் கூட்டம். எல்லாம் கோடுதான். தினமும் வரைந்த கை அது. இளம் வயதில் நாட்குறிப்பைக்கூடப் படமாகத்தான் எழுதினார். அந்த 1949, 1950, 1951 நாட்குறிப்புகள் பிற்பாடு புத்தகங்களாகவே வந்தன. அவருடைய படங்களைத் தேடித் திரட்டிப் பதிப்பித்தவர் ஜெரார்ட் ட குன்யா என்ற ஆர்க்கிடெக்ட் என்பதை எண்ணிச் சிரித்துக்கொள்வேன்.

"அவருக்குப் பூர்வீக பங்களா இருந்தது. நமக்கு மாதச் சம்பளம்தானே, அப்பா?" என்று மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஷியாம் பெனகல் 'திரிகால்' படத்தை அந்த லோட்டோலிம் வீட்டில்தான் எடுத்தார். அவ்வளவு பெரிய வீடு. ஊரை விட்டு வந்து வாடகை வீட்டில் தொடங்கிய நமக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும்.

இதே மகன் எட்டாம் வகுப்பில், நான் ஆபீசிலிருந்து கொண்டுவந்த பழைய வரைபடங்களின் பின்பக்கத்தில் ஓயாமல் வரைவான். கணக்கில் மதிப்பெண் குறைந்த அன்று அந்தக் கட்டு முழுவதையும் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். அவன் அழவில்லை; அதற்குப் பிறகு வரையவுமில்லை. இன்று நல்ல இன்ஜினீயர், கை நிறையச் சம்பளம். சில ஆண்டுகளுக்கு முன் கொலாபாவில் மொண்டேகர் கஃபேக்குப் போயிருந்தோம். அங்கே சுவரெல்லாம் மரியோவின் சித்திரம். காபி ஆறிப்போகும்வரை அவன் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை.

என் கருத்து இதுதான். ஆர்க்கிடெக்சர் உயர்ந்த படிப்பு; அதை விரும்புகிறவர்கள் படிக்கட்டும். வரைகிற பிள்ளையை மடக்கிப் போடும் வேலியாக அதை ஆக்க வேண்டாம். அதே சமயம் ஆசை என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. போட்டியில் வாங்கிய கோப்பையையும் பார்க்க வேண்டாம். யாரும் சொல்லாமல் பிள்ளை தினமும் வரைகிறதா என்று பாருங்கள்.

பேத்தியிடம் அதைத்தான் கேட்டேன். உள்ளே போய் ஏழு நோட்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். ரயில் நிலையப் படிக்கட்டு, காய்கறிக்காரி, தூங்கும் பாட்டி, மூக்குக் கண்ணாடியோடு நான். மகன் ஒரு நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். தீர்ப்பை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கலாம். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால் அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.