எதிராளி எங்கே?

அலிபிரியில் படியேறத் தொடங்கும் முன்பே மாமா என் தோள்பையைத் தட்டிப் பார்த்துவிட்டார். "என்னடா இது, மலைக்கு வரும்போதுகூடக் காகிதக் கட்டா?"

பையில் இருந்தவர் தாமஸ் அக்குவினாஸ். 13ஆம் நூற்றாண்டு இத்தாலியத் துறவி. மத்திய காலக் கிறிஸ்தவத் தத்துவம் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர். அவருடைய 'சும்மா தியோலாஜியே' என்ற பெரிய நூலிலிருந்து சில பகுதிகளை ஆங்கிலம் வழியாகத் தமிழில் தர முயன்றுகொண்டிருந்தேன். (லத்தீனில் 'சும்மா' என்றால் தொகுப்பு. நம்முடைய சும்மா அல்ல.)

முயற்சி நன்றாகப் போகவில்லை. முதல் அத்தியாயத்தைத் தத்துவம் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியிடம் கொடுத்திருந்தேன். இரண்டே நாளில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி: 'எல்லாம் தமிழ்ச் சொல்தான் சார். ஆனால் என்ன சண்டை என்றுதான் தெரியவில்லை.'

3,550 படிகள். மாமாவுக்கு வயது எழுபத்திரண்டு. சித்தூரில் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றும் வாரம் தவறாமல் திருவாய்மொழி வியாக்கியானம் கேட்கப் போகிறவர். தலையேறு குண்டு என்ற பாறை வந்ததும் நின்றார். முழங்கால் வலி வராமலிருக்க பக்தர்கள் அதில் முட்டியை வைத்து வேண்டிக்கொள்வார்கள். மாமாவும் வைத்தார். பிறகு உட்கார்ந்து, "அந்தக் கட்டைக் கொடு" என்றார்.

நாலு பக்கம் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பதில் சொல்கிறார், சரி. யாருக்குச் சொல்கிறார்? பூர்வபட்சம் எங்கேடா? எதிராளியே இல்லாமல் இவர் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறாரே!"

எனக்குச் சுருக்கென்றது. எதிராளியை வெட்டியது நான்தான்.

அக்குவினாஸ் எழுதும் முறை விசித்திரமானது. எதையும் முடிவாக அறிவித்துத் தொடங்க மாட்டார். முதலில் ஒரு கேள்வி. அடுத்து, தன் கருத்துக்கு நேர் எதிரான வாதங்கள், ஒன்று இரண்டு மூன்று என்று வரிசையாக. பிறகு மறுபக்கத்துக்கு ஆதாரமாக ஒரு மேற்கோள். அதற்கப்புறம்தான் 'என் பதில் இது' என்று தொடங்குவார். கடைசியில், தொடக்கத்தில் சொன்ன ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் திரும்பிப் போய்த் தனித்தனியே சமாதானம் சொல்வார்.

உதாரணத்துக்கு, கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி. ஒரு துறவி எழுதுகிறார். ஆனால் முதலில் வருவது 'இல்லை' என்பவரின் கட்சி. எல்லையற்ற நன்மை ஒன்று இருக்குமானால் உலகில் தீமைக்கு இடமிருக்காதே என்பது முதல் ஆட்சேபம். இயற்கையையும் மனித சித்தத்தையும் கொண்டே எல்லாவற்றையும் விளக்கிவிட முடியும்போது கடவுள் எதற்கு என்பது இரண்டாவது. இன்றைய நாத்திகர் ஒருவர் மேடையில் கேட்கக்கூடிய அதே கேள்விகள். இவற்றைச் சொன்ன பிறகே தன்னுடைய ஐந்து காரணங்களுக்கு வருகிறார்.

நான் என்ன செய்தேன்? 'வாசகருக்கு எளிமையாக' என்று நினைத்து ஆட்சேபங்களை எல்லாம் நீக்கிவிட்டுப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டேன். சண்டைக் காட்சியில் ஒருவரை அழித்துவிட்டால் மற்றவர் காற்றில் கை வீசுவதுபோல்தான் தெரியும். மாணவி பார்த்தது அதைத்தான்.

இதில் வேடிக்கை, எம்.ஏ. தமிழ் படித்த எனக்கு இந்த முறை புதிதே அல்ல. அக்குவினாஸ் வாழ்ந்த அதே 13ஆம் நூற்றாண்டில் இங்கே அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதிகள் கொண்டது. உலகாயதரும் பௌத்தரும் சமணரும் என்ன சொல்கிறார்கள் என்று எடுத்துரைத்து மறுப்பது பரபக்கம். தன் கட்சி சுபக்கம். அக்குவினாஸ் 1274ல் இறந்தபோது காஞ்சிபுரத்துத் தூப்புலில் வேதாந்த தேசிகர் சிறு குழந்தை. பிற மதங்களை ஆராய்ந்து மறுக்கும் 'பரமத பங்கம்' அவர் பிற்காலத்தில் எழுதியது. சமயங்கள் வேறு, முடிவுகள் வேறு. ஆனால் எதிர்க்கட்சியைச் சொல்லாமல் தன் கட்சியைச் சொல்லக்கூடாது என்ற நாகரிகம் ஒன்று. தமிழ் வாசகருக்கு அக்குவினாஸை அறிமுகப்படுத்தச் சித்தியாரைவிடப் பொருத்தமான வாசல் கிடையாது. அதைப் பூட்டிவிட்டு நான் ஜன்னல் வழியாக ஆளை உள்ளே தள்ளப் பார்த்திருக்கிறேன்.

நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இதைப் புரிந்துகொண்டிருந்தார். 1606ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, தமிழில் தத்துவ போதகர். இயேசு சபைக் கல்லூரிகளில் அக்குவினாஸைப் பாடமாகப் படித்தவர். அந்தத் தத்துவத்தைத் தமிழில் 'ஞானோபதேசம்', 'ஆத்தும நிருணயம்' என்று உரைநடை நூல்களாக எழுதினார். தன் சமயத்தின் மீது சொல்லப்பட்ட குற்றச்சாட்டுகளை எடுத்துப் பதில் சொல்ல ஒரு தனி நூலே எழுதினார்: 'தூஷண திக்காரம்'.

சொற்களுக்கு அவர் அகராதி செய்து உட்காரவில்லை. இங்கே புழங்கிய ஆத்துமா, சர்வேசுரன் போன்ற சொற்களையே எடுத்துக்கொண்டார். ஆனால் சொல்லை அழைத்தால் அதன் சுற்றமும் கூடவே வரும். 'ஆத்துமா' என்றதும் மறுபிறவியும் பின்னாலேயே வந்து நிற்கும். அதை வெளியே அனுப்ப அவர் 'புனர்ஜென்ம ஆட்சேபம்' எழுத வேண்டியிருந்தது.

இதே சிக்கல்தான் எனக்கும். கடவுளின் அருளுக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழில் 'இஷ்டப்பிரசாதம்' என்று பெயர். மாமாவிடம் சொன்னேன். "பிரசாதம்னா அனுக்கிரகம்தானே, சரியாத்தான் சொல்லியிருக்கா" என்றார். என்னைக் கேட்டால், திருப்பதியில் நின்று அந்தச் சொல்லைப் படிக்கிறவருக்கு லட்டு வாசனைதான் முதலில் வரும். 'அருள்' என்றே வைத்துக்கொண்டு, அது எங்கே சைவ அருளிலிருந்து விலகுகிறது என்று கீழே இரண்டு வரி உரை எழுதுவதுதான் நேர்மை. புதுச் சொல் செய்வதைவிட இது கடினம். வாசகருக்கு இதுதான் பயன்.

ஆட்சேபங்களுடன் சேர்த்தால் புத்தகம் தடிக்கும். 'குறைத்துக் கொடுங்கள்' என்ற குரல் எனக்கு இப்போதே கேட்கிறது. ஆனால் எதிராளியின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துச் சொல்லும் பழக்கம் நம் டி.வி. விவாதங்களில் அடியோடு காணாமல் போய்விட்ட காலம் இது. அக்குவினாஸிடமிருந்து கடவுளை ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் வாசகர் பாடு. அந்தப் பழக்கம் ஒன்றை அவர் கொண்டுபோனால் எனக்குப் போதும்.

அலிபிரிக்கு ஒரு கதை உண்டு. ராமானுஜருக்கு அவருடைய தாய்மாமன் திருமலை நம்பி ஓராண்டு ராமாயணத்தின் உட்பொருளைக் கற்பித்தது இந்த அடிவாரத்தில்தான் என்பார்கள். மருமகனை மேலே வரச் சொல்லாமல் நம்பி தினமும் மலையிலிருந்து இறங்கி வருவாராம். அதனால் மதியப் பூஜைக்கு மேலே இருக்க முடியவில்லையே என்று அவர் வருந்த, பெருமாள் தன் திருவடிகளை இங்கேயே காட்டினார் என்பது ஐதீகம். பாதால மண்டபம் அதற்குச் சாட்சி.

இறங்கி வந்தவர் ராமாயணத்தைக் குறைத்துச் சொன்னதாகக் கதையில் இல்லை.

அக்குவினாஸும் தன் நூல் ஆரம்ப மாணவர்களுக்கானது என்றே முன்னுரையில் எழுதியிருக்கிறார். 512 வினாக்கள் எழுதி, முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். ஆரம்ப மாணவர்களால் ஆட்சேபங்களைத் தாங்க முடியாது என்று அவர் நினைக்கவில்லை.

மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அந்த எதிராளியை எல்லாம் திருப்பிக் கூட்டிண்டு வா. அப்புறம் படிக்கறேன்" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் முதல் அத்தியாயத்தை மறுபடி தொடங்கினேன். இந்த முறை முதல் வரியில் 'இல்லை' என்கிறவர் பேசுகிறார்.