விலா எலும்பு உடைந்தால் ஒட்டும்



போன பௌர்ணமி கிரிவலத்தில், நிருதி லிங்கம் தாண்டியதும் எனக்கு முன்னால் நடந்த பெரியவர் ஒருவர் சரிந்து விழுந்தார். பேச்சில்லை, மூச்சில்லை. ஒருவர் தண்ணீர் தெளித்தார், ஒருவர் துண்டால் விசிறினார். யாரோ 108-க்கு போன் செய்தார்கள். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி கூட்டத்தை விலக்கி வந்து மண்டியிட்டு, அவர் நெஞ்சில் இரு கைகளையும் வைத்து வேகமாக அமுக்கத் தொடங்கினாள்.

"ஏம்மா, எலும்பு உடைஞ்சிடப் போகுது!" என்று ஒரு குரல்.

அது என் குரல்தான். 31 வருடம் உங்களுக்கு உயிரியல் நடத்தியவனின் குரல்.

விலா எலும்புகள் 12 ஜோடி. முதல் 7 உண்மை, அடுத்த 3 போலி, கடைசி 2 மிதப்பவை. இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள், அப்படி மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆனால் அந்தக் கூடு ஏன் அப்படி இருக்கிறது என்று சொன்னேனா?

பின்னால் முள்ளெலும்போடு நழுவும் மூட்டுகள், முன்னால் வளையும் குருத்தெலும்பு. அதனால்தான் மூச்சு இழுக்கும்போது விலா, வாளியின் கைப்பிடி போல மேலே எழுகிறது. அதனால்தான் மார்பெலும்பின் கீழ்ப்பாதியை 5 செ.மீ. அமுக்க முடிகிறது, விட்டதும் அது தானே எழும்புகிறது. அமுக்கும்போது இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும், எழும்பும்போது உள்ளே நிறையும். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. இதுதான் சி.பி.ஆர்.

வயதானவர்களுக்குக் குருத்தெலும்பு இறுகியிருக்கும். அமுக்கினால் விலா உடையலாம். உடைந்த விலா சில வாரங்களில் ஒட்டிவிடும். ரத்தம் போகாத மூளையோ நான்கைந்து நிமிடங்களிலேயே பாழாகத் தொடங்கும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தவும் இல்லை. நல்லவேளை.

லட்சக்கணக்கானோர் நடக்கும் 14 கி.மீ. பாதை இது. எந்த நெரிசலிலும் ஆம்புலன்ஸுக்கு முன்னால் பக்கத்தில் நடப்பவர்தான் வந்து சேர்வார். ஆகவே விலா எலும்புப் பாடத்தை மார்க்கோடு முடிக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பொம்மை வைத்து, பிள்ளைகள் கையாலேயே அமுக்கிப் பழக வேண்டும்.

டாக்டராக, நர்ஸாக இருக்கும் என் பிள்ளைகளே, தீபத்துக்கு ஊருக்கு வரும்போது ஒரு பொம்மையோடு என் வீட்டுக்கு வாருங்கள். தெருக்காரர்களை நான் கூட்டுகிறேன். முதல் பெஞ்சில் நானே உட்காருகிறேன்.