அழுத பிள்ளைக்கு மட்டும்தான் பாலா?

வரி இலாகா என்றால் பணம் வாங்கும் இலாகா. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அமெரிக்காவில் அதே வரி இலாகா ஏழைத் தொழிலாளிக்குப் பணம் கொடுக்கவும் செய்கிறது. கொஞ்ச நஞ்சம் அல்ல. சிலருக்கு நாலு மாதச் சம்பளத்துக்கு மேல் கிடைக்கிறது!

நல்ல சட்டம்தான். ஆனால் அதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. பணம் பெற உரிமை உள்ளவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் அதை வாங்குவதே இல்லை. இது அந்த இலாகாவே சொல்லும் கணக்கு.

அவர்கள் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கும் என்று பலருக்குத் தெரியாது.

"அழுத பிள்ளை பால் குடிக்கும்" என்பது பழமொழி. அழத் தெரியாத பிள்ளை என்ன செய்யும்? பட்டினி கிடக்க வேண்டியதுதானா?

பிறந்த கதை

இந்தச் சலுகை 1975-ஆம் ஆண்டில் பிறந்தது. அப்போது ஜெரால்டு போர்டு ஜனாதிபதி. லூயிசியானா மாநிலத்துச் செனட் உறுப்பினர் ரசல் லாங் இதற்கு முக்கிய காரணம். உழைக்கிறவர்களுக்குத்தான் உதவி போக வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

அமெரிக்காவில் ஏழைக்கு வருமான வரி இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் சம்பளத்தில் பிடித்தம் உண்டு. முதுமைக் காலப் பென்ஷனுக்கும் வைத்திய உதவிக்கும் என்று பிடிக்கிறார்கள். இன்றைய கணக்கில் 100 டாலருக்கு 7 டாலர் 65 சென்ட். முதல் டாலரில் இருந்தே பிடித்தம் தொடங்கிவிடும். அந்தச் சுமையைக் குறைக்க வேண்டும், வேலைக்குப் போகிறவருக்கு ஊக்கம் தர வேண்டும் என்று இந்தச் சட்டம் வந்தது.

முதலில் அதிகபட்சத் தொகை 400 டாலர்தான். அதுவும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு மட்டும். 1978-ல் இது நிரந்தரச் சட்டம் ஆயிற்று. 1986-ல் ரீகன், 1990-ல் மூத்த புஷ், 1993-ல் கிளிண்டன் என்று மூன்று ஜனாதிபதிகள் தொகையைக் கூட்டும் சட்டங்களில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு கட்சிகளும் சேர்ந்து வளர்த்த சலுகை இது.

இதன் ஆங்கிலப் பெயர் நீளமானது. "ஈ.ஐ.டி.சி." என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நாம் "உழைப்புச் சலுகை" என்று சொல்லலாம்.

ஒரு தாயின் கணக்கு

ஓட்டலில் அறைகளைத் துப்புரவு செய்யும் ஒரு தாயை எடுத்துக் கொள்வோம். கணவன் இல்லை. இரண்டு சிறு பிள்ளைகள். 2025-ஆம் ஆண்டில் அவள் 20 ஆயிரம் டாலர் சம்பாதித்தாள் என்று வையுங்கள்.

சம்பளத்தில் பிடித்தம் 1,530 டாலர். வருமான வரி கிடையாது. உழைப்புச் சலுகையாக அவளுக்குச் சேர வேண்டியது 7,152 டாலர்!

அவளுடைய மாதச் சம்பளம் சுமார் 1,667 டாலர். ஆகவே நாலு மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரே தடவையில் கைக்கு வருகிறது. வாடகை பாக்கியைத் தீர்க்கலாம். வேலைக்குப் போகும் பழைய காரை ரிப்பேர் செய்யலாம். பிள்ளைகளுக்குக் குளிர்ச் சட்டை வாங்கலாம்.

பல வரிச் சலுகைகள் வரி கட்டுகிறவருக்குத்தான் உதவும். இது அப்படி அல்ல. வரியே இல்லாவிட்டாலும் முழுத் தொகையும் வரும். அதுதான் இதன் சிறப்பு.

யாருக்குக் கிடைக்கும்?

முதலாவது, உழைத்துச் சம்பாதித்த பணம் இருக்க வேண்டும். கூலி, சம்பளம், சொந்தத் தொழில் வருமானம் எல்லாம் சேரும். பென்ஷனும் வட்டியும் சேராது.

இரண்டாவது, வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில், பிள்ளை இல்லாத தனி ஆளுக்கு வரம்பு 19,104 டாலர். ஒரு பிள்ளை இருந்தால் 50,434 டாலர். இரண்டு பிள்ளைகள் என்றால் 57,310 டாலர். மூன்றும் அதற்கு மேலும் என்றால் 61,555 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்குக் கொடுத்தால் வரம்பு இன்னும் 7 ஆயிரம் டாலர் போலக் கூடும்.

மூன்றாவது, வட்டி, பங்கு லாபம் போன்ற வருமானம் 11,950 டாலருக்கு மேல் போகக் கூடாது.

நாலாவது, வேலை செய்ய அனுமதி தரும் சோஷல் செக்யூரிட்டி எண் இருக்க வேண்டும். கணக்கில் காட்டும் பிள்ளைக்கும் அந்த எண் வேண்டும்.

ஐந்தாவது, பிள்ளையைப் பற்றிய விதி. பிள்ளைக்கு வயது 19-க்குள் இருக்க வேண்டும். முழு நேரம் படிக்கிற பிள்ளை என்றால் 24-க்குள். நிரந்தரமாக உடல் முடியாத பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் அந்தப் பிள்ளை ஒரே வீட்டில் கூட இருந்திருக்க வேண்டும். பேரப் பிள்ளை, தம்பி, தங்கை, அண்ணன் பிள்ளை கூடச் சேரலாம்.

பிள்ளை இல்லாதவர் என்றால் வயது 25 முதல் 64 வரை இருக்க வேண்டும். அவருக்கு மிகவும் போனால் 649 டாலர்தான்.

சிக்கல் எங்கே?

இவ்வளவு விதிகளையும் படித்து, வருமானக் கணக்குப் பாரத்தை நிரப்பி அனுப்பினால்தான் பணம் வரும். அனுப்பாவிட்டால் ஒரு சென்ட் கூட வராது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வருமானம் குறைவாக உள்ளவர் கணக்கே கொடுக்க வேண்டாம் என்று வரிச் சட்டம் சொல்கிறது. சலுகைச் சட்டமோ, கணக்குக் கொடுத்தால்தான் பணம் என்று சொல்கிறது. "நமக்குத்தான் வரி இல்லையே" என்று ஏழை சும்மா இருந்துவிடுகிறார். அவருக்கு உரிய பணம் இலாகாவிலேயே தங்கிவிடுகிறது.

மூன்று ஆண்டுகளுக்குள் கேட்காவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

அவர் எவ்வளவு சம்பாதித்தார் என்று சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்! ஒவ்வொரு முதலாளியும் ஆண்டின் தொடக்கத்திலேயே சம்பளக் கணக்கைச் சர்க்காருக்கு அனுப்பிவிடுகிறார். வரி பாக்கி இருந்தால் இலாகா ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. பணம் கொடுக்க வேண்டும் என்றால் மட்டும், ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறது. இது நியாயமா?

கேளாமல் கொடுத்த ஆண்டு

கேளாமலே கொடுக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்காவே காட்டியிருக்கிறது.

பிள்ளைகளுக்கு என்று இன்னொரு வரிச் சலுகை அங்கே உண்டு. கொரோனா காலத்தில், 2021-ல், ஜனாதிபதி பைடன் அதை உயர்த்தினார். 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு 3,600 டாலர். 6 முதல் 17 வயது வரை 3,000 டாலர். அதில் பாதியை ஜூலை முதல் டிசம்பர் வரை மாதா மாதம் அனுப்பினார்கள். பழைய கணக்கு இலாகாவில் இருந்த குடும்பங்கள் புது மனு எதுவும் போடவில்லை. பணம் தானாகவே வந்தது.

அந்த ஆண்டில் அமெரிக்கப் பிள்ளைகளில் வறுமையில் இருந்தவர்கள் 100-க்கு 5.2 பேர்தான். மறு ஆண்டு அந்த உயர்வு நின்றது. மற்ற கொரோனா உதவிகளும் நின்றன. 2022-ல் வறுமை 12.4 ஆக ஏறிவிட்டது. ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கு மேல்!

ஏமாற்றுவார்களே?

"தானாகக் கொடுத்தால் ஏமாற்றுவார்கள்" என்று சிலர் சொல்கிறார்கள். தள்ளிவிடக் கூடிய பேச்சு அல்ல. உழைப்புச் சலுகையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் தவறாகப் போகிறது என்று சர்க்கார் கணக்கே சொல்கிறது.

ஆனால் தவறு எல்லாம் திருட்டு அல்ல. பிள்ளை தாயிடம் எத்தனை மாதம் இருந்தது, பாட்டியிடம் எத்தனை மாதம் இருந்தது என்பதில் வரும் குழப்பம் நிறைய. வேண்டும் என்றே பொய் சொன்னவருக்கு 10 ஆண்டு சலுகை கிடையாது. அந்தத் தண்டனை இருக்கட்டும். விதியைச் சுலபமாக்கினால் தவறும் குறையும்.

செய்ய வேண்டியது என்ன? பிள்ளை இல்லாதவருக்கு வயதும் சம்பளமும் தெரிந்தால் கிட்டத்தட்டப் போதும். இலாகாவே கணக்குப் போட்டு அவருக்கு எழுதலாம். பிள்ளை உள்ளவருக்குத் தெரிந்ததை எல்லாம் நிரப்பிய பாரத்தை அனுப்பி, "பிள்ளை யாரிடம் இருந்தது?" என்று மட்டும் கேட்கலாம். கணக்குக் கொடுத்தும் இந்தச் சலுகையைக் கேட்க மறந்தவர்களுக்கு இலாகா இப்போதே கடிதம் எழுதுகிறது. அந்த நல்ல வழக்கத்தை, கணக்கே கொடுக்காதவர்களுக்கும் நீட்ட வேண்டும்.

2024-ல் இலாகாவே கணக்குக் கொடுக்க ஓர் இலவச வழியைத் தொடங்கியது. 2026-ல் அதை நிறுத்திவிட்டார்கள். ஏழைக்குத் திறந்த கதவை மூடியது சரி அல்ல.

இது பிச்சை அல்ல. உழைத்தவருக்குச் சட்டம் கொடுத்த உரிமை. பிள்ளையின் பசி தெரிந்த தாய், அது அழட்டும் என்று காத்திருக்க மாட்டாள். சம்பளக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் சர்க்காரும் காத்திருக்கக் கூடாது.